ஒன்றரை ஷிப்ட்டும் ஒரு தெனாரியமும்

போன வாரம் ஊதாரி மைந்தனின் அண்ணனை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போனோம். உள்ளே விருந்து நடக்கிறது, அவன் வரமாட்டேன் என்கிறான். இந்த வாரம் அவனுடைய கூட்டாளிகள்: மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள்.

இந்த உவமையை வைத்து நெருப்பெரிச்சலில் பிரசங்கம் பண்ணுவது லேசில்லை. சனிக்கிழமை ராத்திரி ஏதாவது ஒரு பனியன் கம்பெனி வாசலில் நின்று பாருங்கள். எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற ஓவர்லாக் டெய்லர், தைத்ததை எல்லாம் பண்டல் பண்டலாக நோட்டில் குறித்து வைத்திருப்பார். காண்ட்ராக்டர் கணக்கில் ஒரு பண்டல் குறைந்தாலும் விடமாட்டார், விடவும் கூடாது. சாயந்திரம் ஐந்து மணிக்கு வந்த கைமடிப் பையனுக்கும் உங்களுக்கும் ஒரே சம்பளம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்!

அதனால் உவமையில், சாயந்திரம் வந்தவனுக்கும் அதே ஒரு தெனாரியக் கூலி கொடுத்ததைப் பார்த்து முணுமுணுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள். ஆனால் பேசிய தெனாரியம் அவர்களுக்குக் குறையாமல் கிடைத்தது. அடுத்தவன் கையை எட்டிப் பார்த்த பிறகுதான் தங்கள் காசு சின்னதாகிவிட்டது. கூலி நியாயத்தின் விஷயம். முதலாளி அங்கே அருளைப் பற்றிப் பேசித் தப்பிக்க முடியாது. அருளோ யாரும் தைத்துக் கொடுத்து வாங்கியதில்லை. நானூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்ட கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999-இல் ஜெர்மனியில் சேர்ந்து கையெழுத்திட்ட பிரகடனமும் இதைத்தான் சொல்கிறது.

அந்த அருளால் பிந்தி வந்து சேர்ந்தவர் என்றால் எனக்கு நட்டாலத்து நீலகண்டன்தான் நினைவுக்கு வருவார். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் சொல்லித்தான் அவருக்கு வேதம் தெரிந்தது. 1745-இல், 33 வயதில், வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பொழுது ஏறி வந்த கூலியாள். அப்புறம் கிடைத்தது ஏழு வருஷம்கூட இல்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். சாதி பாராமல் எல்லோரோடும் சமமாகப் பழகியது அவர் மேல் வந்த பகைக்கு ஒரு முக்கியக் காரணம். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயருக்குப் பின்னால் இருந்த சாதி ஒட்டை ரோமாபுரி விட்டுவிட்டது.

அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே கோயிலுக்குள்ளேயே சுவர் நின்றது. 1910-இல்தான் இடித்தார்கள். வேளாளர் தரப்பு உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. தேவசகாயத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊர்!

நம் பக்கம் அப்படிச் சுவர் இல்லைதான். கருமத்தம்பட்டியில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே வேதக்காரர்கள் உண்டு. தெற்கேயிருந்து பனியன் வேலைக்கு வந்த நம் அப்பா அம்மாக்கள் ரொம்பப் பிந்தி வந்தவர்கள். இன்றைக்கு முன் பெஞ்சில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் பூசை முடியும்வரை பின்னால் கைகட்டி நிற்கிறார்கள். பங்குப் பேரவையில் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கோயிலில் இந்திப் பூசை இல்லையென்றால் இந்த வாரமே சாமியாரிடம் கேளுங்கள். அது வரும்வரை, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

(தொடரும்)