அவலாஞ்சியின் காட்டுப் பாதை

புதிதாக ஜீப் வாங்கிய பெங்களூர்வாசிகள் பலருக்கு, காட்டுப் பாதையில் தாமே ஓட்டிச் சென்று ஒரு மலை ஏரியைக் காணும் ஆசை உண்டு. உதகைக்கு அப்பாலுள்ள அவலாஞ்சிக்குச் செல்வோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். அங்கே உங்கள் வாகனம் வாசலோடு நின்றுவிடும். வனத்துறை வாகனத்திலேயே உள்ளே செல்ல வேண்டும். பணம் பறிக்கும் ஏற்பாடு என்று சிலர் முணுமுணுப்பார்கள். அது நியாயமன்று.

அந்த மலை எளிதில் சரியும் மலை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த பெரும் மண்சரிவே அவ்விடத்துக்கு அப்பெயரைத் தந்தது. 2019 ஆகஸ்டில் அங்கு ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. பெங்களூருக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பதே ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான்! அத்தகைய மழைக்குப் பின் நேற்றிருந்த பாதை இன்று இராது. குழியும் பாறையுமான அவ்வழியில் எங்கே சக்கரத்தை இறக்கலாம் என்பதை, அன்றாடம் ஓட்டுகிறவரே அறிவார். பிள்ளைகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பழகிப் பார்க்கும் இடமல்ல அது.

வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். பந்திப்பூர்ச் சாலையோ, 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைக்கப்பட்டுக் காலை 6 மணிக்கே திறக்கப்படுகிறது. அன்றே ஊர் திரும்புவதானால், பிற்பகலிலேயே ஏரியைவிட்டுப் புறப்படுங்கள்.