பாரசீகப் பூனையைப் பேணும் முறை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் பூனை என்றால் நெல் மூட்டைக்கு நடுவே எலி பிடிக்கும் நாட்டுப் பூனைதான். குதிருக்கு அடியில் குட்டி போடும், கிடைத்ததைத் தின்னும், தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். வீட்டார் அதற்கென்று தனியாகச் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. அண்மை ஆண்டுகளில் புதுக்கோட்டை, அறந்தாங்கி போன்ற ஊர்களின் வீடுகளில் வேறொரு பூனையும் இடம்பிடித்திருக்கிறது. உடம்பெல்லாம் பட்டுப் போன்ற நீண்ட முடி, உருண்டை முகம், சப்பை மூக்கு. பாரசீகப் பூனை அல்லது பெர்ஷியன் பூனை என்று இதைச் சொல்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் குட்டியை வாங்கி, நாட்டுப் பூனையை வளர்த்த அதே பழக்கத்தில் வளர்த்து, ஓரிரு ஆண்டுக்குள் பறிகொடுப்போர் உண்டு. இந்த இழப்புக்குப் புதுமையான நோய்தான் காரணம் என்று எண்ண வேண்டியதில்லை. சீவாத முடி, தயிர் சாதம், வீட்டு அலமாரியில் இருந்த மாத்திரை, தரை துடைத்த பினாயில் ஆகியவையே பல பூனைகளின் உயிரைக் குடிக்கின்றன. நான்குமே தவிர்க்கக் கூடியவை.

இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1620ஆம் ஆண்டு வாக்கில் பாரசீகத்தின் கொராசான் பகுதி நீள்முடிப் பூனைகளைப் பற்றி எழுதி, அவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக முயற்சி எடுத்தார். 1871ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியிலும் இந்த இனம் இடம்பெற்றது. அதன் பிறகு கண்காட்சிப் பரிசுக்காகவே தலைமுறை தலைமுறையாக மூக்கைச் சப்பையாக்கி, முடியை அடர்த்தியாக்கி வளர்த்தார்கள். இன்று நாம் காணும் அழகும் அதனோடு வரும் தொல்லைகளும் அப்படி உண்டானவையே.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டு வகை முகம் உண்டு. ஒன்றில் மூக்கு ஓரளவு நீண்டு, பொம்மை முகம் போல இருக்கும். மற்றதில் மூக்கு இரு கண்களுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டாற்போல் இருக்கும். இதற்குத்தான் விலை அதிகம். ஆனால் நமது வெயிலுக்கு ஏற்றது முதல் வகையே. சப்பை மூக்கில் காற்றுப்பாதை குறுகி, மூச்சு விடும்போது குறட்டை ஒலி கேட்கும். கண்ணீர்க் குழாய் மடங்குவதால் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். துருத்திய கண்ணின் கருவிழி காய்ந்து புண்ணாகும். கூடுதல் பணம் கொடுத்து இந்த உபாதைகளை வாங்குவது தேவையற்றது.

எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்கக் கூடாது. தாயைப் பார்க்காமலும் வாங்கக் கூடாது. இந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய் ஒன்று பரவலாக உள்ளது. பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பாரசீகப் பூனைகளில் இது காணப்பட்டது. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. தாய், தந்தை இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு வரும். பிறந்தவுடன் ஒன்றும் தெரியாது. கட்டிகள் மெல்லப் பெருகி, ஏழு எட்டு வயதில் பூனை மெலிந்து, அதிகம் தண்ணீர் குடித்து, அதிகம் சிறுநீர் கழித்து, தீனியை வெறுக்கும். குணப்படுத்த வழியில்லை. பத்து மாத வயதுக்கு மேல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். குட்டி விற்போரிடம் தாய், தந்தையின் ஸ்கேன் விவரத்தைக் கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. மாடு வாங்கும்போது மடியைத் தடவிப் பார்க்காதவர் யார்?

தினமும் சீப்பு

இதன் முடி இரண்டு அடுக்கு. மேலே நீண்ட முடி, கீழே பஞ்சு போன்ற சன்ன முடி. உதிர்ந்த சன்ன முடி வெளியே விழாமல் மேல் முடியில் சிக்கிச் சடையாகும். நாளடைவில் சடை இறுகித் தோலை இழுக்கும். அதன் அடியில் ஈரம் தங்கிப் புண் உண்டாகும். கோடையில் ஈ மொய்த்துப் புழு வைப்பதும் உண்டு. ஆகவே நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் சீவியே தீரவேண்டும். வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் சீவினால் போதும் என்று எண்ணுவது தவறு.

அகன்ற பல் உள்ள உலோகச் சீப்பால் முதலிலும், நெருக்கமான பல் உள்ளதால் பிறகும் சீவ வேண்டும். முதுகை மட்டும் சீவிவிட்டு நிறுத்துவது பலரின் வழக்கம். சடை விழுவது அங்கல்ல. காதின் பின்புறம், முன்னங்கால் அக்குள், வயிறு, தொடை இடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்த்துச் சீவ வேண்டும். சிறு முடிச்சு இருந்தால் சிறிது மக்காச்சோள மாவைத் தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து அடிநோக்கிச் சிக்கெடுக்கலாம். பெரிய சடையைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. பூனையின் தோல் மெல்லியது. சடையோடு சேர்ந்து எழும்பி நிற்கும். முடி என்று எண்ணித் தோலையே வெட்டிவிடுவார்கள். அதற்குரிய முடிவெட்டும் இயந்திரத்தால்தான் எடுக்க வேண்டும். சடையோடு குளிப்பாட்டினால் அது மேலும் இறுகும். சீவிய பிறகே தண்ணீர்.

மாதம் ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் பூனைக்குரிய ஷாம்பு கொண்டு குளிப்பாட்டி, அடிமுடி வரை ஈரம் போகத் துவட்ட வேண்டும். சீயக்காய் கண்ணில் பட்டால் எரிச்சல் தரும். நாம் பயன்படுத்தும் சோப்பும் ஏற்றதல்ல. கண் ஓரத்தையும் மூக்கு மடிப்பையும் காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த பஞ்சால் தினமும் துடைத்துவிட வேண்டும்.

சீவாத பூனை முடியை நக்கி விழுங்கும். அது வயிற்றில் உருண்டையாகும். எப்போதாவது ஓர் உருண்டையை வாந்தி எடுத்தால் பயமில்லை. உருண்டை வெளிவராமல் தொடர்ந்து குமட்டி, தீனியும் மலமும் நின்றுபோனால் குடலில் அடைப்பு என்று கருதி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தயிர் சாதம் போதாது

பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. டாரின் என்ற சத்து அதன் உடம்பில் போதிய அளவு உற்பத்தியாவதில்லை. இறைச்சி, மீன் வழியாகவே கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975ஆம் ஆண்டும், இதயத் தசை தளர்ந்து இறக்கும் என்பது 1987ஆம் ஆண்டும் அமெரிக்க ஆராய்ச்சிகளில் உறுதியாயின. சைவ உணவு உண்ணும் வீடுகளில் பாலும் தயிர் சாதமும் கொடுத்தே வளர்க்கும் பூனைக்கு இதுதான் கதி. நாட்டுப் பூனை எலியையும் ஓணானையும் பிடித்துத் தின்று ஈடுகட்டிக்கொள்கிறது. வீட்டுக்குள் அடைபட்ட பாரசீகப் பூனைக்கு அந்த வழி இல்லை. ஊன் உணவு வீட்டுக்குள் வரக் கூடாது என்பவர்கள் முயல் போன்ற வேறு ஏதாவது வளர்க்கலாம். பூனையைச் சைவமாக்க முயல்வது அதற்குச் செய்யும் கொடுமை.

எலும்பில்லாத கறி மட்டும் போட்டு வளர்ப்பதும் சரியல்ல. சுண்ணாம்புச் சத்து குறைந்து குட்டியின் எலும்பு வளையும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் மத்தி போன்ற சிறு மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால், அம்மீன்களில் உள்ள ஒரு நொதி தையமின் என்ற வைட்டமினை அழித்துவிடும். பூனை தள்ளாடும், கழுத்து கீழ்நோக்கி வளையும், வலிப்பு வரும். மீனை வேகவைத்து, முள் நீக்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் தரலாம். வேகவைத்த நீரில் டாரின் கரைந்து இறங்குவதால் அந்த நீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பச்சையானாலும் வெந்ததானாலும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

எளிய வழி, எல்லாச் சத்தும் சேர்த்துத் தயாரித்த பூனைத் தீவனத்தை அடிப்படையாக வைத்து, வேகவைத்த கோழிக்கறி, மீனைக் கூடச் சேர்ப்பது. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு உலர்தீவனம் மட்டும் கொடுத்தால் நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் போதும். நாய்த் தீவனம் பூனைக்கு ஆகாது. பசும்பால் பல பூனைகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும்.

ஒரு நாளும் காத்திருக்கக் கூடாதவை

உலர்தீவனம் தின்று தண்ணீர் குறைவாகக் குடிக்கும் கடுவன் பூனைக்குச் சிறுநீர்ப் பாதையில் மணல் போன்ற துகள்கள் அடைத்துக்கொள்ளும். மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கும்; முனகும்; ஒரு சொட்டுக்கூட வராது. மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டிக் காலம் கடத்துவோர் பலர். அடைப்பு ஏற்பட்டு ஓரிரு நாளில் இரத்தத்தில் நஞ்சேறிப் பூனை இறந்துவிடும். அன்றே மருத்துவர் குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினால் பிழைக்க வழியுண்டு. வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகன்ற கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதும், தீவனத்தை நனைத்துக் கொடுப்பதும் இதற்கான முன்காப்பு.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டை உடைத்துக் கொடுப்பது மற்றொரு பெருந்தவறு. நம் உடம்பு அம்மருந்தை முறிப்பது போல் பூனையின் கல்லீரலால் முடியாது. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கப் போதுமானது. ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். நாய் உண்ணிக்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு. பினாயில் ஊற்றித் துடைத்த தரையில் நடந்த பூனை பிறகு பாதத்தை நக்கும். பூனை உள்ள வீட்டில் பினாயில், அந்துருண்டை இரண்டையும் விலக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்து அலசுவது பாதுகாப்பு.

இரண்டு நாள் தீனி எடுக்காத பூனையை, குறிப்பாகக் கொழுத்த பூனையை, தானே தேறும் என்று விட்டுவைக்கக் கூடாது. கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும்.

படர்தாமரை

நீள்முடிப் பூனைகளில் படர்தாமரைப் பூஞ்சை வெளியே தெரியாமலே இருப்பதுண்டு. வீட்டுக் குழந்தையின் கையில் வட்டத் தடிப்பு தோன்றிய பிறகுதான் பூனையின் காதோரத்தில் முடி உதிர்ந்திருப்பதைக் கவனிப்பார்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு தடவினால் பூஞ்சை மேலும் பரவும். பூனைக்கு முடியைக் குறைத்து, மருத்துவர் சொல்லும் மருந்தைப் பல வாரம் விடாமல் தர வேண்டும். வீட்டாருக்குத் தனி சிகிச்சை. உதிர்ந்த முடியில் பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்குமாதலால் சீப்பு, துணி, பாய் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, எட்டாவது வாரம் முதல் முத்தடுப்பு ஊசியும், தொடர் ஊசிகளும், மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு எதற்கு என்ற கேள்வி வேண்டாம். கழிச்சலோடு குட்டிகளைக் கொல்லும் வெள்ளணுக்குறைவு நோய்க் கிருமி நம் செருப்போடும் வீட்டுக்குள் வரும்.

கத்திரி வெயிலில்

மே மாதத்தில் புதுக்கோட்டையில் வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. நாய் போல் இரைத்து வெப்பத்தைத் தணிக்கும் பழக்கம் அதற்கு இல்லை. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்தின் அறிகுறி. சாதாரண நீரால் பாதம், வயிறு, காது ஆகியவற்றை நனைத்து, விசிறியின் கீழ் வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. கோடைக்கு முன் முடியைக் குறைப்பது நல்லதே. ஆனால் மழிக்காமல் ஓர் அங்குலமாவது விட வேண்டும். குளிர்சாதன அறையை மட்டும் நம்பி வளர்ப்போர், 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்த பிறகு இம்மாவட்டத்தில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தரை குளிர்ந்த, காற்றோட்டமான அறை ஒன்று இல்லாத வீட்டுக்கு இந்தப் பூனை பொருந்தாது.

குட்டி விற்று வருமானம் பார்க்க நினைப்போர், பெட்டைக்கு ஒரு வயது முடியும் முன் இணைசேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றே போதும். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள். குட்டியின் தலை பெரிதாக இருப்பதால் ஈனும்போது சிக்கல் வருவதுண்டு. அறுவை சிகிச்சைச் செலவையும் கணக்கில் வைத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும்.

ஸ்கேன், அறுவை போன்றவற்றுக்கு அண்டை மாவட்டமான தஞ்சாவூரில், 2012ஆம் ஆண்டு தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டோ சாக்கில் கட்டியோ கொண்டுபோகக் கூடாது. காற்றோட்டமுள்ள கூண்டில் ஈரத் துணி விரித்து, விடியற்காலைப் பேருந்தில், எஞ்சின் சூடு படாத இருக்கையில் அமர்ந்து செல்வது நல்லது.