உங்களுக்குத் தெரியுமா? விமானம் ஏறிய கரு

மனிதக் கருவும் ஒரு காலத்தில் டெல்லியின் இறக்குமதிப் பட்டியலில் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தடையில்லாச் சான்று இருந்தால் தாராளமாகக் கொண்டுவரலாம் என்று 2013இல் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அறிவித்தது. பருப்புக்கும் பாமாயிலுக்கும் அறிவிக்கை போடும் அதே அலுவலகம்தான்! உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு, 2015 அக்டோபரில், ஆராய்ச்சிக்குத் தவிர வேறெதற்கும் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள்.

அதற்கு வெகு முன்பே இந்த வழியில் கடை போட்டவர் டோரோன் மாமெட் என்ற இஸ்ரேலியர். ஆண் துணைவரோடு வாழும் இவர், அமெரிக்க வாடகைத் தாய் மூலம் மகளைப் பெற்றார். செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிற விவகாரம். அப்போதுதான் கணக்குப் போட்டார்: கருமுட்டை அமெரிக்காவில், கருப்பை இந்தியாவில். உருவான கருவைத் திரவ நைட்ரஜன் குடுவையில், மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்து, குஜராத்தின் ஆனந்துக்கு அனுப்புவது. ஆமாம், அமுல் பாலின் ஆனந்த்தான். அவரது நிறுவனத்தின் பெயர் தம்மூஸ். கதை முழுவதும் 'கூகுள் பேபி' (2009) ஆவணப்படத்தில் இருக்கிறது.

2012 ஜூலையில் மத்திய உள்துறை அமைச்சகம் மருத்துவ விசாவுக்கு ஒரு நிபந்தனை போட்டது: திருமணமாகி இரண்டு ஆண்டுகளான கணவன்–மனைவிக்கு மட்டுமே வாடகைத் தாய் வசதி. மாமெட்டைப் போன்ற ஆண் இணையர் ஒரே கடிதத்தில் வெளியே! தொழில் நின்றதா? நேபாளத்துக்கு நகர்ந்தது. நேபாளப் பெண்கள் சுமக்கக் கூடாது என்பது அங்கே அப்போதிருந்த விதி. ஆகவே இந்தியப் பெண்கள் எல்லை தாண்டிப் போய்ச் சுமந்தார்கள்.

2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்துக்குப் பின் இஸ்ரேல் விமானம் அனுப்பி, இஸ்ரேலியர்களுக்காக வாடகைத் தாய்மார் பெற்ற இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளை மீட்டது. பெற்ற பெண்களில் பெரும்பாலோர் காத்மாண்டுவிலேயே இருந்தார்கள். அதே ஆண்டு நேபாளமும் தடை போட்டது.

டெல்லியிலேயே நடந்த ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஓர் ஆஸ்திரேலியத் தம்பதிக்கு இங்கே வாடகைத் தாய் மூலம் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஆண் குழந்தையை விட்டுப் போனார்கள். வீட்டில் ஏற்கெனவே பையன் இருக்கிறானாம்!

இந்தத் தொழிலை 25,000 கோடி ரூபாய்ப் பொற்குடம் என்று வர்ணித்தது யார்? ஏதோ விளம்பர நிறுவனம் அல்ல, சட்ட ஆணையம். 2009இல் வெளிவந்த 228ஆவது அறிக்கை.

2022 ஜனவரி 25 முதல் இந்தியாவில் காசுக்குச் சுமக்கவைப்பது குற்றம். மீறி நடத்துபவருக்குப் பத்தாண்டு வரை சிறை. மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் வழக்கறிஞருக்கும் கட்டணம் வழக்கம்போல உண்டு. காசு வாங்காமல் சுமக்கும் பெண்ணுக்கு மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும்.