வீடு விற்கத் தரகரைத் தேர்வது எப்படி?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது பழமொழி. யாழ்ப்பாணத்தில் முதுச வளவொன்றை விற்க முற்பட்டவர்கள், 'வீட்டை விற்றுப் பார்' என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்வர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, பெற்றோர் மட்டும் ஊரில் எஞ்சியுள்ள குடும்பங்களுக்கு இக்கவலை இன்று பெரிது. இவர்கள் முதலில் தேடுவது ஒரு தரகரையே.

நல்ல தரகரை அறிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. முதற் சந்திப்பிலேயே பரப்புக்கு இத்தனை இலட்சம் பெற்றுத் தருவேன் என ஆசை காட்டுபவர் ஒரு வகையினர். விலை பேசுமுன் "உறுதியைப் பார்க்கலாமா?" என்று கேட்பவர் மற்றொரு வகையினர். பின்னவரையே நாடுதல் வேண்டும்.

இதற்குக் காரணம் நமது தேசவழமையாகும். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவையால் தொகுக்கப்பட்டு, 12 முதலிமாரால் சரிபார்க்கப்பட்ட இவ்வழமை இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்பதைப் பொறுத்தே விற்கும் உரிமை யாருக்கு என்பது தீரும். 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதன வீட்டை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. இச்சட்டம் நீதியானதா என்று கேட்போர் பலர். ஆயினும் அது உள்ளவரை சம்மதமின்றி எழுதும் உறுதி வழக்கில் முடியலாம்.

அன்றியும், பிரிவிடப்படாத பங்கை விற்கும்போது, வாங்கும் முன்னுரிமை சக பங்காளருக்கும், விற்பவரின் வாரிசுகளாக வரக்கூடியோருக்கும் உண்டு என்கிறது 1947 ஆம் ஆண்டின் சட்டம். அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடாமல் அயலாருக்கு விற்றால், வாங்கியவர் நீதிமன்றப் படியேற நேரும்; உடன்பிறந்தார் உறவும் முறியும். 'உங்களுக்குச் சகோதரர் எத்தனை பேர், பங்கு பிரித்தாயிற்றா?' என்று வினவும் தரகர் வீண்வம்பு பேசுகிறார் என எண்ணற்க. அவர் தம் தொழிலை அறிந்தவர்.

தரகரின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1840 ஆம் ஆண்டிலிருந்து, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் ஒப்பமிட்ட உறுதியின்றிக் காணி கைமாறுவதில்லை. ஆதலால் நொத்தாரிசை நீங்களே தெரிந்தெடுங்கள். காணிப் பதிவகத்தில் ஈடு, ஒற்றி, வழக்கு ஏதும் பதியப்பட்டுள்ளதா என அவரைக்கொண்டு தேடுவியுங்கள். தரகரிடம் உறுதியின் பிரதியை மட்டும் கொடுங்கள். மூல உறுதி உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

தரகுக்கூலி எவ்வளவு, எப்போது கொடுப்பது, வாங்குபவரிடமும் அவர் கூலி பெறுகிறாரா என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முற்பணம் தரகர் கைக்குச் செல்லாமல் நேரே உங்களிடம் வரவேண்டும். வெளிநாட்டில் இருப்போர் அற்றோர்ணித் தத்துவத்தைத் தரகருக்கு அன்றி, நம்பிக்கையான உறவினருக்கே, குறித்த காணியை மட்டும் சுட்டி எழுதுவது நலம். வெற்றுத்தாளில் ஒப்பமிடுவது எக்காரணத்தாலும் கூடாது.

அவர் முன்பு விற்றுக் கொடுத்த வீட்டுக்காரர் இருவரிடம் விசாரித்துப் பாருங்கள். விலை நல்லதா என்பதோடு, விற்றபின் வழக்கு ஏதும் வந்ததா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் மறுமொழியே உங்கள் தரகரைத் தெரிந்து தரும்.