தாடிக்கார மலைவாசி!

குட்டீஸ், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். மலைக்கு அடியில் கும்மிருட்டான சுரங்கப் பாதை. நீங்களும் மூன்று நண்பர்களும் தட்டுத் தடுமாறிப் போகிறீர்கள். தீப்பந்தம் அணைந்துவிட்டது. எதிரே ஒரு பழைய மரப்பெட்டி. மூடியைத் திறந்ததுதான் தாமதம், 'புஸ்ஸ்...' என்று விஷப்புகை! மற்ற மூவரும் இருமிக்கொண்டே சுருண்டு விழுகிறார்கள். நீங்கள் மட்டும் தாடியைத் தடவியபடி நிற்கிறீர்கள்!

தாடியா? ஆமாம்! இந்த விளையாட்டில் நீங்கள் ஏழாம் வகுப்பு மாணவர் இல்லை. மலையைக் குடைந்து, அதற்குள்ளேயே வாழும் 'ட்வார்ஃப்'.

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். கரன்ட் போனாலும் ஒரு மெழுகுவர்த்தி போதும். ஒரு மேஜை, நான்கைந்து பேர், பேப்பர், பென்சில், பகடைகள்... அவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார். "எதிரே பாலம், பாதி இடிந்து கிடக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பதில் சொல்ல வேண்டும். 'தாண்டிக் குதிக்கிறேன்' என்று சொல்வது சுலபம். அக்கரை சேர்ந்தீர்களா, பள்ளத்தில் விழுந்தீர்களா என்பதைப் பகடைதான் சொல்லும்!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் இன்ஷூரன்ஸ் வேலை போனபின், வீட்டிலேயே செருப்பு ரிப்பேர் செய்து குடும்பத்தை நடத்தினார். அவரும் டேவ் ஆர்னெசன் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு இது. 1974ல், மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டியாக வெளிவந்தது. அந்த முதல் பெட்டியிலேயே ட்வார்ஃபும் இருந்தார்.

ஸ்னோ ஒயிட் கதையில் வரும் ஏழு குள்ளர்களும் இந்த வம்சம்தான். ஆனால், 'குள்ளர்' என்றால் நம் பள்ளிக்கூடங்களில் யாரையாவது கேலி செய்வது போலாகிவிடும். அதனால் ட்வார்ஃப் என்றே சொல்வோம், சரியா?

இவர்களது பூர்வீகம் நார்வே, ஐஸ்லாந்து நாட்டுப் பழங்கதைகள். அதில் ஒன்றைக் கேளுங்கள். லோகி என்ற குறும்புக்காரக் கடவுள், புரோக் என்ற ட்வார்ஃபிடம், "உன் அண்ணன் சிந்திரியால் அற்புதமான மூன்று பொருட்களைச் செய்ய முடியாது. என் தலையைப் பந்தயம் வைக்கிறேன்!" என்றார். சிந்திரி இரும்பை உலையில் போட்டு, "நான் வரும்வரை துருத்தி ஊதுவதை நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தோற்றுவிடுவோமோ என்று பயந்த லோகி, ஈயாக மாறி புரோக்கின் கண் இமையில் கடித்தார். ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது. புரோக் ஒரே ஒரு நொடி கையை எடுத்து ஈயை விரட்டினார். அவ்வளவுதான், உலையில் இருந்த சுத்தியலின் கைப்பிடி குட்டையாகிவிட்டது! அதுதான் இடிக் கடவுள் தோர் வைத்திருக்கும் சுத்தியல். பிடி குட்டையாக இருந்தும் அதுவே சிறந்த பொருள் என்று தேவர்கள் தீர்ப்புச் சொல்ல, புரோக் ஜெயித்தார். லோகி சும்மா இருப்பாரா? "தலை உன்னுடையது. கழுத்து என்னுடையது. கழுத்தைத் தொடாமல் எடுத்துக்கொள்!" என்றார். கடுப்பான புரோக், அவரது வாயைத் தைத்துவிட்டார்!

இந்த மாதிரிக் கதைகளில் ஊறியவர் டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளர். 1937ல் வந்த அவரது 'தி ஹாபிட்' நாவலில் 13 ட்வார்ஃப்கள் வருவார்கள். விளையாட்டுக்கு அவர்கள் அங்கிருந்து வந்து சேர்ந்தார்கள். ஹாபிட்களும் கூடவே வந்தார்கள். ஆனால், 'எங்கள் பெயரை எப்படிப் பயன்படுத்தலாம்?' என்று உரிமைக்காரர்கள் ஆட்சேபிக்க, அவர்களுக்கு 'ஹாஃப்லிங்' என்று பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. ட்வார்ஃபுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாட்டி காலத்துக் கதைக்கு யார் உரிமை கொண்டாட முடியும்?

2014ல் வந்த விதிகளின்படி, ட்வார்ஃபின் உயரம் நான்கிலிருந்து ஐந்து அடி. எடையோ சுமார் 68 கிலோ! கிட்டத்தட்ட 350 வருடம் வாழ்வார். 50 வயது வரை அவரைச் சின்னப் பையன் என்றுதான் நினைப்பார்கள். இருட்டில் 60 அடி தூரம் பார்வை தெரியும். ஆனால் நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல் நிறம்தான். மனிதனை விட மெதுவாக நடப்பார். ஆனால், கனமான இரும்புக் கவசம் போட்டாலும் அந்த வேகம் குறையாது.

சரி, விஷப்புகையில் அவர் எப்படித் தப்பித்தார்? இங்கேதான் கணக்கு வருகிறது. ஓடாதீர்கள்! இந்த விளையாட்டின் முக்கியப் பகடைக்கு 20 முகங்கள். எல்லாமே முக்கோணம். (இப்படிப்பட்ட பகடை எகிப்தில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது.) தப்பிக்க 15 எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மனிதனுக்கு 15 முதல் 20 வரை ஆறு எண்கள்தான் கைகொடுக்கும். அதாவது நூற்றுக்கு 30 வாய்ப்பு. ட்வார்ஃபின் உடல் உறுதிக்காக 2 கூடுதல் என்றால், அவருக்கு 13 விழுந்தாலே போதும். அதோடு விஷம் என்றால் அவர் இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம்! இரண்டு உருட்டலுக்கு மொத்தம் 400 விதமான விடைகள். இரண்டுமே 12 அல்லது அதற்குக் கீழே விழுவது 144 விதம்தான். மீதி 256ல் தப்பித்துவிடலாம். நூற்றுக்கு 64!

ஆனால், அவருக்கு ஒரு பெரிய அநியாயமும் நடந்தது. 1974 விதிகளில் ட்வார்ஃப் போர்வீரராக மட்டுமே இருக்கலாம். மந்திரம் கற்கக் கூடாது. வீரராகவும் ஆறாவது படிக்கு மேல் ஏற முடியாது! மனிதப் பாத்திரத்துக்கு அந்த எல்லை இல்லை. 'நான் ட்வார்ஃப் மந்திரவாதியாக விளையாடுகிறேனே' என்று ஆசைப்பட்டவர்கள், 2000ம் ஆண்டு மூன்றாம் பதிப்பு வரும்வரை 26 வருடம் காத்திருந்தார்கள்.

கேள்விகள் அதோடு நிற்கவில்லை. 'பிறந்த கூட்டத்தை வைத்து, இவன் பலசாலி, இவன் மந்தம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாமா?' என்று விளையாடுபவர்கள் கேட்டார்கள். 2024ல் வந்த புதிய விதிகளில் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். உடல் உறுதிக்கான கூடுதல் எண், ட்வார்ஃபாகப் பிறந்ததற்காக இனி கிடையாது. அந்தப் பாத்திரம் முன்பு என்ன வேலை செய்தது, எப்படி வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. நடையும் மனிதனுக்குச் சமம். 'எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் சுவாரஸ்யம் ஏது?' என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. விஷத்தைத் தாங்குவதும், இருட்டில் பார்ப்பதும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. எனக்கு அது போதும் என்றுதான் தோன்றுகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒரு ட்வார்ஃபை உருவாக்கிப் பாருங்கள். 20 முகப் பகடை இல்லையா? 1 முதல் 20 வரை துண்டுச் சீட்டில் எழுதி, டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறந்தால், மேலே சொன்ன கணக்கு தப்பாகிவிடும்! பெயர் வையுங்கள். கோடாரியா, சுத்தியலா, மந்திரக் கோலா என்று முடிவு செய்யுங்கள். தங்கச்சியையோ பக்கத்து வீட்டு அண்ணாவையோ கதை சொல்லச் சொல்லுங்கள்.

தீப்பந்தம் அணைந்துவிட்டது. எதிரே ஒரு பழைய பெட்டி. திறக்கிறீர்களா?