மலைக்கும் ஒரு சோழகம் உண்டு

தீவகத்திற் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்பது பாடநூலிற் படித்த ஒரு பொருளேயாகும். ஊர்காவற்றுறையாயினும் நயினாதீவாயினும் நெடுந்தீவாயினும் நிலம் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றருக்கு மேல் உயர்வதில்லை. நெடுந்தீவிற் பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளே நம் பிள்ளைகள் அறிந்த பாறைகள். ஆதலின், மலையேறப் போகவேண்டும் என்று மாணவர் ஆசைப்படுவது இயல்பே. அந்த ஆசையைத் தடுக்கவேண்டியதில்லை. அவர்கள் மூட்டை கட்டும் முறைதான் கவலைக்குரியது.

ஆடி, ஆவணி மாதங்களிற் புறப்படும் மாணவன் தன் ஊர் வெயிலை நினைந்தே உடை எடுத்துக்கொள்கிறான். கண்டி வீதியால் வவுனியாவையும் தம்புள்ளையையும் கடக்கும்வரை அவன் எண்ணம் சரியாகவே இருக்கிறது. கம்பளையைத் தாண்டி, றம்பொடைப் பக்கத்து வளைவுகளில் பஸ் வண்டி ஏறத் தொடங்கியதும் யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. நுவரெலியாவில் இறங்குகையில் மெல்லிய பருத்திச் சட்டையுடன் கைகட்டி நிற்கிறான். “உறைபனி விழுவது தை மாசியில் அல்லவா? இப்போது ஏன் இந்தக் குளிர்?” என்று கேட்கிறான்.

விடை எளிய கணக்கிலேயே உள்ளது. 1000 மீற்றர் ஏறுந்தோறும் வளியின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகின்றது. யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 28 பாகை. நுவரெலியாவின் உயரம் 1868 மீற்றர். ஆகவே 12 பாகையைக் கழித்தால் எஞ்சுவது 16. அந்நகரின் உண்மைச் சராசரியும் ஏறக்குறைய அதுவே. 2243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையில் இன்னும் இரண்டு பாகைக்கு மேற் குறையும்.

உயரத்தோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. நம் பகுதியிற் சோழகம் என்று நாம் அழைக்கும் தென்மேற்குக் காற்று, மோதி மேலெழ ஒரு குன்றும் இல்லாமையால், மழை தராமலே தீவகத்தைக் கடந்து போகிறது. அதே பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகி, பெருமழையாகக் கொட்டுகிறது. நமக்குப் புழுதியைக் கிளப்பும் காலம் மலைக்கு மாரிகாலம்.

இதனை வெறும் அசௌகரியம் என்று எண்ணிவிடலாகாது. 2021ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் சீனாவின் கான்சு மாகாணத்து மலைப்பகுதியில் 100 கிலோமீற்றர் ஓட்டப்போட்டி ஒன்று நடைபெற்றது. பங்குபற்றிய 172 பேரும் பயிற்சி பெற்றவர்கள். பலர் அரைக்காற்சட்டையுடன் ஓடினர். நண்பகலளவிற் கடுங்காற்றும் குளிர்மழையும் ஆலங்கட்டியும் திடீரெனச் சூழ்ந்தன. 21 பேர் மாண்டனர். தன் குகையில் ஒதுங்கியிருந்த ஆட்டிடையர் ஒருவர் சிலரை உள்ளே கொணர்ந்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். உடல் வலிமை காக்கவில்லை; கூரையும் உலர்ந்த போர்வையும் காத்தன.

நம் உடல் 37 பாகை வெப்பத்தில் இயங்குவது. அது 35 பாகைக்குக் கீழ் இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. இதற்கு உறைபனி வேண்டுவதில்லை. நனைந்த உடையும் வீசும் காற்றும் போதும். முதலில் நடுக்கம் எடுக்கும். பின்னர் கைவிரல்கள் பொத்தானைப் பூட்ட மறுக்கும், நாக்குழறும், கால் தடுமாறும். நடுங்கியவன் வெம்மை பெறாமலே நடுக்கத்தை நிறுத்துவானாயின் அவன் தேறிவிட்டான் என்று மகிழக்கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்றே அறிதல் வேண்டும். அவனைக் காற்றுப்படாத இடத்தில் இருத்தி, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த துணியால் உடலையும் தலையையும் போர்த்தி, நினைவு தெளிவாயிருப்பின் இனிப்பான சுடுபானம் கொடுத்து, மருத்துவ உதவியை நாடவேண்டும். மதுவானது உடலின் வெப்பத்தை மேலும் போக்குமாதலின் அறவே ஆகாது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் பையில் ஒரு கம்பளி மேலங்கி, ஒரு மழையங்கி, நீர் புகாத உறையில் மாற்றுடை ஒன்று ஆகியவற்றை வையுங்கள். நனைந்த பருத்தி உடலைக் குளிர்விக்கும். கம்பளி நனைந்தும் ஓரளவு வெம்மை காக்கும். சிவனொளிபாதமலைக்குச் செல்வதாயின் மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலமே தக்கது. அப்போது வழியில் விளக்கும் தேநீர்க் கடையும் மனிதத் துணையும் உண்டு. ஆயினும் சித்திரை மாதத்து விடியற்காலையிலும் உச்சியில் மேலங்கி வேண்டும்.

துணையின் அருமையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1344இல் இலங்கைக்கு வந்த மொறொக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அம்மலையைக் காண விரும்பியபோது, ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கு மட்டும் அளிக்கவில்லை. ஆண்டுதோறும் அவ்வழி செல்லும் யோகியர் நால்வரையும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினார் என்று அப்பயணியே எழுதியிருக்கிறார். மேலே ஏறியபின் முகில்கள் தமக்குக் கீழே நின்று அடிவாரத்தை மறைத்ததையும், பாறையிற் பற்றி ஏற இரும்புச் சங்கிலிகள் இருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். வழியறிந்தோரும் போதிய உணவும் இன்றி மலைக்குச் செல்லலாகாது என்பது அன்றே நம்மவருக்குத் தெரிந்திருந்தது.

மலையறிவு தீவகத்தார்க்கு முற்றிலும் புதியதன்று. சோழகம் மூர்க்கமாக வீசும் நாளிற் குறிகட்டுவான் துறையில் படகு புறப்படாது. நெடுந்தீவுக்குப் போகவேண்டியவர் கல்யாண வீட்டுக்காரராயினும் கரையிலே காத்திருப்பார். அதனைக் கோழைத்தனம் என்று எவரும் இகழ்வதில்லை. முகில் இறங்கிய மலையின் முன்னே நின்று, “இன்று வேண்டாம், திரும்புவோம்” என்று சொல்லும் மாணவனும் அதே அறிவைத்தான் கைக்கொள்கிறான். அவனைக் கேலி செய்யாத நண்பர்களோடு அனுப்புங்கள். மலை அடுத்த விடுமுறையிலும் அங்கேயே இருக்கும்.