விண்டோஸின் உள்ளமைந்த குழுக்களும் அவற்றின் அதிகாரமும்

எந்தக் கோப்பை யார் திறக்கலாம், எந்த அமைப்பை யார் மாற்றலாம் என்பதை ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே வரையறுப்பது, சிலர் மட்டுமே பயன்படுத்தும் கணினியில் இயலும். பயனர்கள் நூற்றுக்கணக்கில் பெருகிய அலுவலகத்தில் அது கட்டுக்கடங்காமல் போய்விடும். எனவே, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட விண்டோஸ் என்டியிலும் அதன் வழிவந்த பதிப்புகளிலும் உரிமைகளைப் பெரும்பாலும் குழுக்களுக்கே வழங்குவது வழக்கமாயிற்று. அக்குழுக்களுள், நிறுவப்படும்போதே இயக்குதளம் தானாக உருவாக்கிக்கொள்பவை உள்ளமைந்த பாதுகாப்புக் குழுக்கள் எனப்படும்.

இயக்குதளம் ஒரு குழுவை அறிவது அதன் பெயரால் அன்று, பாதுகாப்பு அடையாள எண்ணால். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ எனும் நிர்வாகிகள் குழுவுக்குரிய எஸ்-1-5-32-544 என்ற எண்ணும், ‘யூசர்ஸ்’ எனும் பொதுப் பயனர் குழுவுக்குரிய, அதே தொடரில் 545 என முடியும் எண்ணும் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே. ஒருவர் உள்நுழையும்போது அவருடைய எண்ணும் அவர் சேர்ந்துள்ள குழுக்களின் எண்களும் அணுகல் டோக்கன் என்ற உள்ளகப் பதிவில் திரட்டப்பட்டு, அவர் இயக்கும் நிரல்களோடு இணைக்கப்படுகின்றன. ஒரு நிரல் கோப்பைத் திறக்க முயலும்போது, அக்கோப்புக்குரிய அனுமதிப் பட்டியலோடு இந்த டோக்கனை ஒப்பிட்டே இயக்குதளம் இசைவதா மறுப்பதா என முடிவு செய்கிறது. டோக்கன் உள்நுழைவின்போதே உருவாகிவிடுவதால், ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கிய பிறகும் அவர் வெளியேறும்வரை அந்த டோக்கன் தந்த உரிமைகள் அவரிடமே நீடிக்கின்றன என்பது நிர்வாகிகள் மறக்கக் கூடாத நுட்பம்.

2007ஆம் ஆண்டு பொதுமக்கள் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், நிர்வாகிகள் குழுவினருக்கும் அன்றாட வேலைக்கு அதிகாரம் குறைக்கப்பட்ட டோக்கனே இயல்பாக அளிக்கப்படுகிறது. முழு அதிகாரம் தேவைப்படும் இடத்தில் திரை ஒப்புதல் கேட்கிறது. முன்பு நிரல்களை நிறுவும் அளவுக்கு உரிமை பெற்றிருந்த ‘பவர் யூசர்ஸ்’ குழு, அப்பதிப்பு முதல் பழைய நிரல்களின் பொருட்டே தக்கவைக்கப்பட்டுள்ளது.

பெயரளவில் எளியதாகத் தோன்றி, உண்மையில் மிகுந்த எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டியது ‘பேக்கப் ஆப்பரேட்டர்ஸ்’ எனும் காப்புநகல் குழுவாகும். எல்லாக் கோப்புகளையும் நகலெடுப்பதே இக்குழுவினரின் பணி என்பதால், அனுமதிப் பட்டியல் மறுத்தாலும் படிப்பதற்கும், நகலிலிருந்து மீட்கும்போது எழுதுவதற்கும் இரு சிறப்புரிமைகள் இவர்களுக்கு உண்டு. சிறப்புரிமை என்பது தனித்த ஒரு கோப்பைச் சாராமல் கணினி முழுமைக்கும் செல்லுபடியாகும் அதிகாரம். ஒரு நிறுவனத்தின் பயனர் கணக்குகளையெல்லாம் தாங்கும் டொமைன் கன்ட்ரோலர் என்ற மையக் கணினியில் இக்குழுவைச் சேர்ந்தவர், கடவுச்சொற்களின் மறையாக்க வடிவங்கள் அடங்கிய தரவுத்தளத்தையே நகலெடுத்துச் செல்ல முடியும். அவ்வாறு செய்பவரை நிர்வாகியிலிருந்து பிரித்தறிய நடைமுறையில் எதுவும் மிஞ்சுவதில்லை. இயக்குதளம் நிறுவப்படும்போது இக்குழுவில் உறுப்பினர் ஒருவர்கூட இருப்பதில்லை. முதல் பெயரைச் சேர்க்கும் பொறுப்பு முற்றிலும் நிர்வாகியுடையதே.